வெண்ணெய் மாதம்

குய்க்காவாரா
14 அக்டோபர் 1992

ஹில்க்கா,

தொலைபேசியில் கூப்பிட்டால் நீ எடுக்கிறாய். நான் "நான்தான்" என்கிறேன், நீ "தெரியுது" என்கிறாய். அதற்கப்புறம் இரண்டு பேரும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ராணுவத்திலிருந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதில் காலுறை கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு இதுதான்.

உன் தம்பி ஆஹ்தி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இளைத்திருக்கிறான், ஆனால் வாய் இளைக்கவில்லை. தனிக்கட்டையை எப்படி விடுவது என்று நான் பகலெல்லாம் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். விறகு பிளக்கிறேன், சமைக்கிறேன். சமையல் என்று நான் சொல்வதை நீ பார்த்தால் வேறு பெயர் வைப்பாய்.

மருத்துவமனையில் ஆஹ்தியின் வாயிலிருந்து அந்த விஷயம் வந்ததும் நீ எழுந்து போனாய். மறுநாள் காலையில் பெட்டியோடு பஸ் ஏறினாய். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயால் சொல்ல வரவில்லை. அதனால் நான் செய்ததை ஒரு தடவையாவது முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் நர்ஸ் சிர்க்கா ஊர்க் கூடத்தில் ஊர்களுக்கிடையிலான போட்டியின் விதியைப் படித்தாள். செப்டம்பரில் ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள், நவம்பர் கடைசியில் இன்னொரு தடவை. எந்த ஊரில் கொலஸ்ட்ரால் அதிகமாக இறங்குகிறதோ அந்த ஊருக்கு வெற்றி. போட்டியில் நம் ஊர் அணிக்கு நீ தலைவி. பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு எண்ணெய் பற்றியும் கொழுப்பு நீக்கிய பால் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாய். என் காதில் ஒரு சொல்தான் விழுந்தது: இறங்குகிறதோ. இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும் அல்லவா? மரம் வெட்டுகிறவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

வேட்டைக் குழுவில் என்னோடு ஒன்பது பேர், அவர்களிடம் சொன்னேன். ரத்தம் எடுக்கும் நாள்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வேட்டைக் குடிசையில் நீராவிக் குளியல், அதன் பிறகு வெண்ணெயில் பொரித்த பன்றிக் கொழுப்பு, காபியில் பாதிக்குப் பாதி பாலேடு. மற்ற நாட்களில் அவரவர் வீட்டில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் முடிந்த அளவு. "அப்புறம் மூஸ் மான் வேட்டை தொடங்கிடும்டா, அந்தக் கறியில கொழுப்பே கிடையாது, நாள் பூரா சதுப்புல நடக்கப் போறோம், தன்னால இறங்கும்" என்றேன். கைதட்டினார்கள். வெண்ணெய் மாதம் என்று பெயர் வைத்ததே ஆஹ்திதான். எல்லோரையும் விட அதிகம் சாப்பிட்டதும் அவன்தான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை மானை விரட்டிக்கொண்டு வந்தவன் மாரடைப்பு வந்து சதுப்பில் குப்புற விழுந்தான். தூக்கியது நான்.

ரத்தக் குழாய் ஒரு மாதத்தில் அடைபடுவதில்லை, அது வருடக்கணக்கில் நடப்பது என்கிறார் டாக்டர். தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

வந்துவிடு.

தாய்ஸ்தோ


கோத்தன்பர்க்
22 அக்டோபர்

தாய்ஸ்தோ,

ஊரில் கேட்டால், ஸ்வீடனில் மகள் பைவியின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, உதவிக்குப் போயிருக்கிறாள் என்று சொல். பல் முளைக்கத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு அது பொய் இல்லை.

உன் கடிதத்தைப் பைவிக்குத் தெரியாமல் குளியலறையில் வைத்துப் படித்தேன். அப்பாவும் மாமாவும் ஊர் ஆண்களும் நர்ஸை ஏமாற்றப் பன்றிக் கொழுப்பு தின்றார்கள் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? அவள் அலுவலகத்தில் நம் ஊர்ப் போட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள். ஊருக்கு ஊர் போட்டி போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள், எங்கம்மாதான் தலைவி என்று.

நீ யாரை ஏமாற்றினாய் என்று யோசித்தாயா? சிர்க்காவை மட்டும் என்றா நினைக்கிறாய்? என் கூட்டத்துக்கு வரும் இர்யா நாற்பது வருடமாக ரொட்டியில் தடவிய வெண்ணெயை நிறுத்தினாள். என் பேச்சைக் கேட்டுத்தான் நிறுத்தினாள். முதல் வாரம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். தினமும் மதியம் அந்தப் பெண்கள் ஏரியைச் சுற்றி நடக்கிறார்கள், மழை என்றாலும் நடக்கிறார்கள். உங்கள் ஒன்பது பேரின் பொய் எண்கள் அவர்கள் உழைப்பின் தலையில் உட்காரப் போகின்றன.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டாவது ரத்தம் எடுக்கும் முன் சிர்க்காவிடம் போய்ச் சொல். சொல்லாமல் விட்டு, என் பெயரால் நம் ஊருக்கு வெற்றி வந்தால் நான் அந்த ஊருக்குத் திரும்ப மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. வந்தால் யார் முகத்தில் விழிப்பது?

ஆஹ்திக்கு மான் கறியை இப்படிச் செய். இரவே வேகவைத்து, சட்டியோடு வாசல் குளிரில் வை. காலையில் மேலே படிந்து உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் தூக்கி எறி. மானில் கொஞ்சம்தான் இருக்கும், இருந்தாலும் எடு. அப்புறம் கேரட், கிழங்கு, மிளகு. வெண்ணெய் வேண்டாம். நீ போடுவாய் என்று எனக்குத் தெரியும். போடாதே.

ஹில்க்கா


குய்க்காவாரா
31 அக்டோபர்

ஹில்க்கா,

வெண்ணெய் போடவில்லை. ஆஹ்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "பொண்டாட்டி ஓடிப்போனதுக்கப்புறம் கைப்பக்குவம் வந்திருச்சு மச்சான், முன்னாடியே ஓடியிருக்கலாம்" என்றான். அவன் சிரித்தால் இன்னும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான். சிரிக்க வைக்கவும் பயமாக இருக்கிறது.

தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடக்கிறோம். முதலில் தபால் பெட்டிவரை, இப்போது வண்டிக்காகப் பால் கேன்களை வைக்கும் மேடைவரை. பாதி வழியில் நிற்கிறான். மூச்சு வாங்குவதை மறைக்க ஏதாவது ஒரு மரத்தைக் காட்டி அதன் வயதைக் கேட்கிறான். நானும் தெரிந்ததுபோலப் பதில் சொல்கிறேன்.

சிர்க்காவிடம் போனேன். சத்தியமாகப் போனேன். சுகாதார நிலையத்தின் கதவைத் திறந்து உள்ளே நின்றேன். "என்ன தாய்ஸ்தோ, என்ன வேணும்?" என்றாள். விரலில் பிளாஸ்திரி போட வேண்டும் என்றேன். எந்த விரல் என்றாள். ஒரு விரலைக் காட்டினேன். புண்ணே இல்லாத விரலில் அவள் பேசாமல் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினாள். வீடுவரை அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு கோழை.

குழுவிலும் பேசிப் பார்த்தேன். போன ஞாயிறு இந்தப் பருவத்தின் மூன்றாவது மானைப் பங்கு போட்டோம். வழக்கம்போலக் கறியைக் குவியல் குவியலாக வைத்துவிட்டு, பங்கு சொல்லும் வில்யோ, எந்தக் குவியல் யாருக்கு என்று பார்த்துச் சொல்லாமலிருக்க, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். நான் ஒரு குவியலில் விரலை வைத்து "இது யாருக்கு?" என்றேன். முதுகைக் காட்டியபடியே, "ஆஹ்திக்கு" என்றான். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். இதுதான் நேரம் என்று நினைத்து, சிர்க்காவிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

வில்யோ திரும்பினான். "குடிசைக்குள்ள நடந்தது குடிசையோட. எவன் குண்டு தப்பிப்போச்சுன்னு வெளிய சொல்றோமா? அதே மாதிரிதான் இதுவும். நீ சொன்னா உனக்கு இங்க இடம் கிடையாது" என்றான். முப்பது வருடம் அவனோடு ஒரே சதுப்பில் படுத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்று. ஆஹ்தியின் டாக்டர் அவனுடைய பழைய கொலஸ்ட்ரால் அளவு என்ன என்று கேட்டார். செப்டம்பர் அட்டையைக் காட்டினான். அவர் அதைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். வெளியே வந்ததும், "அது வெண்ணெயோட அளவுன்னு சொல்லியிருக்கலாமோ மச்சான்?" என்று கேட்டான். அவனுடைய உண்மையான அளவு என்ன என்று இனி யாருக்கும் தெரியாது. எங்கள் ஒன்பது பேருடைய அளவும் அப்படித்தான். மான் கறியும் நடையும் நல்லது செய்தனவா என்றுகூட இனிச் சொல்ல முடியாது. ஆரம்பத்தையே கெடுத்துவிட்டோம்.

நீ வீட்டில் இருந்திருந்தால் ஆகஸ்டிலேயே கண்டுபிடித்திருப்பாய். நீ கூட்டம் கூட்டம் என்று அலைந்துகொண்டிருந்தாய், அதனால்தான் தப்பித்தோம்.

தாய்ஸ்தோ


கோத்தன்பர்க்
9 நவம்பர்

தாய்ஸ்தோ,

உன் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை.

எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும்.

எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு தாளில் ஆரம்பிக்கலாமா என்று இருக்கிறது. கிழிக்கவில்லை.

உன் சட்டையைத் துவைத்தவள் நான். சனிக்கிழமைச் சட்டையில் பன்றிக் கொழுப்பின் வாசனை புகையையும் மீறி வந்தது. கடையில் பாலேடு தீர்ந்துவிட்டது, வேட்டைக்காரர்கள் வாங்கிப் போனார்கள் என்று சொன்னார்கள். நான் முட்டாளா? என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்று அன்றைக்கே புரிந்தது. முதலில் கோபம் வந்தது. அடுப்பை மூட்டி முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்.

லெப்பாலாம்பி ஊரின் இம்பியை உனக்குத் தெரியும். போன வருடப் போட்டியில் அவர்கள் ஜெயித்தபோது எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "கவலைப்படாத ஹில்க்கா, உங்க ஊர் ஆம்பளைங்களை வச்சுக்கிட்டு யாரால என்ன செய்ய முடியும்?" என்றாள். அந்தத் தட்டு ஒரு வருடமாக என் தோளிலேயே இருந்தது. இந்த வருடம் அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துக்கொண்டே உன் சட்டையைக் காயப் போட்டேன்.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஆஹ்தி நம் வீட்டுக்கு வந்தான். நான் மீன் வேகவைத்திருந்தேன். "வயிறு நிறைஞ்சிருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு இறங்கிப் போனான். திரும்பி ஏறும்போது நடுப்படியில் நின்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். முகம் வெளுத்திருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எங்கள் அப்பாவும் நெஞ்சு அடைத்துத்தான் போனார், அது எனக்கு மறந்துவிடவில்லை. கதவைத் திறந்து "போதும் நிறுத்துடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் திரைச்சீலையைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன். ரத்தம் எடுக்க இன்னும் ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் நான் எழுந்து போனது உன்மேல் கோபத்தால் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னபோது முகத்தில் எந்த ஆச்சரியத்தை வரவழைப்பது என்று தெரியவில்லை, அதனால் எழுந்தேன். நோயாளித் தம்பியை விட்டுவிட்டுக் கடல் தாண்டி ஓடினேன். உன்னைக் கெட்டவனாக அங்கே விட்டுவிட்டு ஓடினேன்.

நீ சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல். உன்னைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறவள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஹில்க்கா


குய்க்காவாரா
17 நவம்பர்

ஹில்க்கா,

படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அது இல்லை.

உன் பங்கை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. யோசனை என்னுடையது, சட்டியில் வெண்ணெயை இட்டது என் கை. நீ பார்த்தாய், அவ்வளவுதான். பார்த்ததெல்லாம் குற்றம் என்றால் இந்த ஊரில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்கள்.

அடுத்த வாரம் இரண்டாவது ரத்தம். நான் கொடுக்கப் போவதில்லை. மற்றவர்கள் கொடுப்பார்கள். அதற்கு முன் சிர்க்காவிடம் சொல்வேன் என்று எழுத ஆசை. எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடுமோ என்று பயம்.

ஆஹ்தி உன்னைக் கேட்டான். பல் முளைத்துவிட்டதா என்று கேட்டான்.

தாய்ஸ்தோ


குய்க்காவாரா
7 டிசம்பர்

ஹில்க்கா,

சொல்லிவிட்டேன். காலம் கடந்துதான் சொன்னேன்.

சனிக்கிழமை மான் விருந்து. தங்கள் நிலத்தில் வேட்டையாட எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். போட்டி முடிவையும் அன்றைக்கே சொல்வதாக சிர்க்கா ஏற்பாடு செய்திருந்ததால் லெப்பாலாம்பிக்காரர்களும் வந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. இரண்டு பெரிய சட்டியில் சூப். இர்யாவும் மற்ற பெண்களும் கரண்டியோடு நின்று பரிமாறினார்கள். ஒரு சொட்டு வெண்ணெய் இல்லாத சூப், நீ எழுதிக் கொடுத்த முறை. ஆஹ்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், வில்யோ எதிரில்.

சிர்க்கா எழுந்து நம் ஊருக்குத்தான் முதலிடம் என்றாள். இப்படி ஓர் இறக்கத்தைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்றாள். அப்போது இர்யாவின் முகத்தைப் பார்த்தேன். நம்ப முடியாமல் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சின்னப் பெண்போல இருந்தாள். கொடியையும் பரிசான பெரிய ரை தானிய ரொட்டியையும் உன் சார்பில் வாங்கிக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள்.

கொடியைக் கையில் வாங்கியதும் வாய் திறந்துவிட்டது. "இது எங்களுக்குச் சேர வேண்டியது இல்ல. ஆகஸ்ட் மாசம் பூரா வேட்டைக் குழு வெண்ணெயும் கொழுப்பும் தின்னோம். இறங்கறதுக்காக ஏத்தினோம். யோசனை என்னோடது. ஹில்க்காவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது." இவ்வளவுதான் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

முதலில் லெப்பாலாம்பி ஆண்கள் சிரித்தார்கள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன், "அடப்பாவி, இது எங்களுக்குத் தோணாம போச்சே!" என்றான். நம் ஆட்களும் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்கள். தப்பித்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது.

பெண்கள் சிரிக்கவில்லை. இர்யா கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைத்துவிட்டு ஏப்ரனைக் கழற்றினார்கள். இர்யா என் முன்னால் வந்து நின்றாள். "நாப்பது வருஷ வெண்ணெய விட்டேன் தாய்ஸ்தோ. காபியில பாலேட விட்டேன். முட்டி வலியோட ஏரியைச் சுத்தினேன். என்னோடது எவ்வளவு இறங்குச்சுன்னு சிர்க்கா சொன்னப்ப, செத்துப்போன என் புருஷன் கிட்ட போய்ச் சொல்லணும்னு இருந்துச்சு. இப்ப யாரு நம்புவா அதை?" என்றாள். பதில் வரும் என்று காத்திருந்தாள். நான் கையிலிருந்த கொடியைப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. சூப்பை ஊற்றக்கூட ஆளில்லாமல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சிர்க்கா எங்கள் ஒன்பது பெயரையும் அடித்துவிட்டாள். ரத்தம் கொடுத்தவர்களில் வேட்டைக் குழுவே பாதிக்கு மேல் என்பதால் நம் ஊர்க் கணக்கே நிற்காது, ஊரைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டியதுதான் என்றாள். திட்டவில்லை. என் விரலைப் பார்த்தாள், அவ்வளவுதான். வில்யோ வாசலில் கையை நீட்டினான். குடிசைச் சாவியைக் கொடுத்தேன்.

இம்பி கிளம்பும்போது என்னிடம் வந்து, "பாவம் ஹில்க்கா, உங்க கூட எப்படித்தான் குப்பை கொட்டினாளோ" என்றாள். எல்லோருமே அதைத்தான் சொல்கிறார்கள். ஒருவர்கூட உன்னைக் குறை சொல்லவில்லை. உன் பெயர் சுத்தமாக இருக்கிறது. நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி வரலாம்.

தாய்ஸ்தோ


கோத்தன்பர்க்
15 டிசம்பர்

தாய்ஸ்தோ,

எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறாய். எனக்குத் தெரியும். உன்னைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் நான் கேட்டதில் பாதியைத்தான் செய்தாய். மீதிப் பாதி என் தலையில் இறங்கிவிட்டது.

நேற்று இம்பியிடமிருந்து ஒரு தபால் அட்டை. பூப் படம் போட்டது. "உன்மேல் எந்தத் தப்பும் இல்லை ஹில்க்கா, தலை நிமிர்ந்து வா, எங்கள் ஊர்ச் சமையல் வகுப்பை நீதான் நடத்த வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள். அவள் அழுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அவள் எனக்காக அழுதிருக்கிறாள். பைவி அந்த அட்டையைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ எவ்வளவு தாங்கியிருக்கே" என்றாள். அப்போதே தரையைப் பிளந்துகொண்டு போயிருக்கலாம். அவளிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். கையை எடுத்துக்கொண்டு, குழந்தையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் போனாள். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

இரவு ஆஹ்தியைக் கூப்பிட்டேன். நீ அப்போதுதான் கிளம்பிப் போனாய் என்றான்.

"ஆஹ்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க தின்னது எனக்கு அப்பவே தெரியும்டா" என்றேன்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் அக்கா. படகுத்துறைப் படியில நின்னப்ப பாத்தியே. நானும் உன்னைப் பாத்தேன். அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு, நிறுத்திடலாம்னுகூட நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். அக்கா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. சின்னப் பிள்ளை ரொட்டியிலிருந்தே வெண்ணெய வழிச்செடுக்கறவ நீ. ஆபத்துன்னா நீ சும்மா இருப்பியா? அப்ப ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். அடுத்த சனிக்கிழமை ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."

அவன் குத்திக் காட்டவில்லை தாய்ஸ்தோ. கதை சொல்வதுபோலச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "லைன்ல இருக்கியா அக்கா?" என்றான். "திட்டுடா" என்றேன். "எதுக்கு? நீதான் எப்பவும் என்னைத் திட்டுவே" என்றான். அப்புறம் ஸ்வீடன் பாலும் தண்ணீராகத்தான் இருக்கிறதா என்று கேட்டான்.

வியாழக்கிழமைக் கப்பலில் கிளம்புகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வருவேன். நிறுத்தத்துக்கு நீ வராதே. முதலில் இர்யா வீட்டுக்குப் போகிறேன், அப்புறம் சிர்க்கா வீட்டுக்கு. இரண்டு கதவையும் தனியாகத் தட்ட வேண்டும். இம்பிக்கு இன்றைக்கே எழுதிவிட்டேன்.

அது முடிந்ததும் ஆஹ்தியின் வீட்டுக்கு வருகிறேன். அவன் முன்னால் எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறாய். அன்றைக்கு அங்கே இரு.

ஹில்க்கா